பந்து கொரியரில் வரும், கட்டைவிரல் வராது: பவுலிங் பால் எங்கே டிரில் பண்ணலாம்?

இன்றைக்கு ரொம்பக் குறுகலான ஒரு கேள்வி. சொந்தமா ஒரு பவுலிங் பால் வாங்கணும்னு முடிவு பண்ணிட்டீங்க. அதில் விரல் துளைகளை எங்கே போடுவது? ஆன்லைனில் ஆர்டர் பண்ணும்போதே அளவுகளைக் கொடுத்து, துளை போட்ட பந்தாகவே வீட்டுக்கு வரவழைப்பதா? இல்லை, பவுலிங் சென்டரில் இருக்கும் ப்ரோ ஷாப்புக்குப் போய், கையை நீட்டி அளவு கொடுத்து டிரில் பண்ணிக்கொள்வதா?

இதை என்னிடம் கேட்பவர்களில் பாதிப் பேர் அமெரிக்காவுக்கு வேலைக்கு வந்து, ஆபீஸ் நண்பர்களோடு லீக்கில் சேர்ந்தவர்கள். ஆன்லைனில் விலையைப் பார்க்கிறார்கள், கடையில் விலையைக் கேட்கிறார்கள், நடுவில் 50 டாலர் வித்தியாசம் தெரிகிறது. "எதுக்குடா கடைக்கு இவ்வளவு கொடுக்கணும்?" என்பதுதான் உண்மையான கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிடறேன். முதல் பந்து என்றால் உள்ளூர்க் கடை. அதில் மூணு நாலு மாசம் விளையாடி, கைக்குச் சரியா உட்கார்ந்த அளவுகள் எழுத்தில் உங்களிடம் இருந்தால், அடுத்த பந்துக்கு ஆன்லைனும் நல்ல வழிதான். இந்த எபிசோடின் மீதி முழுக்க, ஏன் அப்படி என்பதுதான்.

துளை என்றால் என்ன அளக்கிறார்கள்?

சென்னை மாலில் டீம் அவுட்டிங் போய் விளையாடினவங்களுக்கு ஹவுஸ் பால் தெரியும். ராக்கில் அடுக்கியிருக்கும் பொதுப் பந்து. அதில் இருக்கும் மூணு துளைகளும் யாருடைய கைக்கும் ஆனவை இல்லை. வருகிற எல்லாருடைய விரலும் நுழையணும், யாருடைய விரலும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத் துளைகளைத் தாராளமாகப் போட்டிருப்பார்கள். அதனால்தான் பந்து கைவிட்டுப் போய்விடுமோ என்று நாம் கட்டைவிரலை மடக்கி இறுக்கிப் பிடிக்கிறோம். ரெண்டு கேம் முடிந்ததும் முன்கை வலிப்பதற்கு அதுதான் முக்கியமான காரணம்.

சொந்தப் பந்தில் அந்த இறுக்கம் தேவையில்லை. சரியாகப் பொருந்திய பந்து, கையைத் தளர்வா தொங்கவிட்டாலும் கையிலேயே நிற்கும். வீசும் கணத்தில் கட்டைவிரல் முதலில் வழுக்கி வெளியே வரும். அதற்குப் பிறகு நடுவிரலும் மோதிரவிரலும் பந்தைத் தூக்கிச் சுழற்றிவிடும். இந்த வரிசை நடப்பதற்காகத்தான் இத்தனை அளவுகளும்.

முதல் அளவு, ஸ்பேன். கட்டைவிரல் துளையின் விளிம்பிலிருந்து நடுவிரல், மோதிரவிரல் துளைகளின் விளிம்பு வரைக்கும் உள்ள தூரம். இரண்டு விரலுக்கும் தனித்தனி எண். ஹவுஸ் பாலில் விரல்கள் இரண்டாவது கணு வரைக்கும் உள்ளே போகும். சொந்தப் பந்தில் பெரும்பாலும் ஃபிங்கர்டிப் என்று சொல்லும் பிடி. அதாவது முதல் கணு வரைக்கும்தான் விரல் உள்ளே போகும். அதனால் கை அதிகமாக விரியும், சுழற்சியும் கூடும். கூடவே ஸ்பேனில் செய்கிற சின்னத் தவறும் பெரிதாகத் தெரியும்.

இரண்டாவது, பிட்ச். துளை பந்தின் மையத்தை நோக்கி நேராகப் போகிறதா, கொஞ்சம் சாய்ந்து போகிறதா என்பது. கட்டைவிரல் துளை உள்ளங்கைப் பக்கமாகச் சாய்ந்தால் பந்து கையில் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கும். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் விரல் சீக்கிரம் வெளியே வரும். இது போக இடது வலது சாய்வு வேறு. உங்கள் கட்டைவிரல் எவ்வளவு பின்னால் வளைகிறது என்பதைப் பார்த்துத்தான் இதை முடிவு பண்ணணும்.

மூன்றாவது, துளையின் அளவும் வடிவமும். கட்டைவிரல் துளைக்கான டிரில் பிட்டுகள் 1/64 இன்ச் இடைவெளியில் வருகின்றன. 1/64 இன்ச் என்பது சுமார் 0.4 மில்லிமீட்டர். ஆபீஸ் பிரிண்டரில் போடும் சாதாரண பேப்பர் நாலைந்தை அடுக்கி வைத்தால் வரும் கனம். அவ்வளவுதான் ஒரு சைசுக்கும் அடுத்த சைசுக்கும் வித்தியாசம். அதுமட்டுமில்லை, பெரும்பாலானவர்களின் கட்டைவிரல் சரியான வட்டம் கிடையாது. ஒரு பக்கம் தட்டையாக, நீள்வட்டமாகத்தான் இருக்கும். நல்ல டிரில்லர் துளையையும் நீள்வட்டமாகவே வெட்டுவார். கடைசியாக விளிம்பை மழுக்கிவிடுவார். அதுக்குப் பேர் பெவல். உங்கள் தோல் உரசுவது அந்த விளிம்பில்தான்.

இப்போ யோசிச்சுப் பாருங்க. இதில் ஸ்பேனை ஒரு வெப்சைட் ஃபார்மில் எழுதலாம். பிட்சை எழுதலாம். "என் கட்டைவிரல் இப்படி வளையும், இந்த இடத்தில் கணு தடிமன், இங்கே ஒரு காய்ப்பு இருக்கு" என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவீங்க?

50 டாலரா, கையா?

ஒரு கணக்குப் போடலாம். லீக் இரவு என்றால் வழக்கமா மூணு கேம். ஒரு கேமுக்குச் சராசரியா 17 வீச்சு என்று வைத்துக்கொண்டால், ஒரு இரவில் 51 வீச்சு. 15 பவுண்ட் பந்து என்பது 6.8 கிலோ. ஆக ஒரு இரவில் 340 கிலோவுக்கு மேல் அந்த மூணு விரல் வழியாகப் போகிறது. 30 வாரம் ஓடும் ஒரு சீசனில் கட்டைவிரல் அந்தத் துளைக்குள் 1,500 தடவை போய் வருகிறது.

துளை சரியில்லை என்றால் இந்த 1,500 தடவையும் ஒரே இடத்தில் உரசல், ஒரே இடத்தில் அழுத்தம். ஆரம்பத்தில் கொப்புளம், காய்ப்பு. அதோடு போனால் பரவாயில்லை. மருத்துவத்தில் பவுலர்ஸ் தம்ப் என்றே பேர் வைத்த ஒரு பிரச்சினை இருக்கிறது. கட்டைவிரலின் உள்பக்கம், ஆள்காட்டி விரலைப் பார்த்த பக்கத்தில் ஓடும் நரம்பு, துளையின் விளிம்பில் திரும்பத் திரும்ப நசுங்குகிறது. நரம்பைச் சுற்றி நார்த்திசு தடிக்கிறது. விரலில் மரத்துப்போகிற உணர்வு, ஊசி குத்துவது மாதிரி சுருக்கு, சில பேருக்குத் தொட்டால் தெரியும் ஒரு சின்னக் கட்டி. அப்படி ஏதாவது இருந்தால் இந்த பாட்காஸ்டை நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க. அந்தப் பந்தையும் அதுவரைக்கும் தொடாதீங்க.

நம்மில் நிறைய பேர் நாள் முழுக்க கீபோர்டில் கை வைத்துச் சம்பாதிக்கிறவர்கள். ஸ்பேஸ் பாரை அடிப்பது எந்த விரல் என்று யோசிங்க. செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒரு பொழுதுபோக்குக்காக, புதன்கிழமை வேலையைக் கெடுத்துக்கொள்ள முடியாது.

விளையாட்டுப் பக்கமும் ஒரு கணக்கு உண்டு. ஃபவுல் லைனிலிருந்து முதல் பின் வரைக்கும் 60 அடி. கட்டைவிரல் துளையில் ஒரு நொடி மாட்டி, பந்து புறப்படும் திசை ஒரே ஒரு டிகிரி மாறினால், அங்கே போய்ச் சேரும்போது ஏறக்குறைய 12.5 இன்ச் விலகியிருக்கும். லேனின் அகலமே 41.5 இன்ச்தான். "என் எய்ம் சரியில்லை" என்று வருத்தப்படுகிற பல பேருக்கு எய்மில் பிரச்சினை இல்லை, துளையில்தான் பிரச்சினை.

ஆன்லைன் எப்படி நடக்கிறது?

ஆன்லைனைக் குறை சொல்வதற்கு முன்னால் அது எப்படி வேலை செய்கிறது என்று நியாயமா பார்த்துடலாம். பந்து விற்கும் தளங்கள் பலவற்றில் துளை போடாத பந்தையும் வாங்கலாம், கூடுதல் கட்டணம் கட்டித் துளை போட்டும் வாங்கலாம். துளை வேண்டும் என்றால் ஒரு ஃபார்ம் வரும். எந்தக் கை, எந்தப் பிடி, ஸ்பேன் எவ்வளவு, பிட்ச் எவ்வளவு, துளை அளவு எவ்வளவு என்று கேட்பார்கள். சில இடங்களில் உங்கள் பழைய பந்தை அனுப்பினால் அதை அளந்து அதே மாதிரி போட்டுத் தருவார்கள். அங்கே டிரில் பண்ணுபவர்களும் அனுபவசாலிகள்தான். மெஷினும் நல்ல மெஷின்தான். நீங்க கொடுத்த எண் சரியா இருந்தால், துளையும் சரியா இருக்கும்.

விலையையும் ஒரு மாதிரிக் கணக்காகப் பார்க்கலாம். உங்க ஊர் விலை வேறாக இருக்கும், கணக்குப் போடும் முறைக்காகச் சொல்றேன். ஆன்லைனில் பந்து 160 டாலர், டிரில்லிங் 50. மொத்தம் 210. உள்ளூர்க் கடையில் பந்து, டிரில்லிங், விரலுக்குப் போடும் ரப்பர் இன்சர்ட், கட்டைவிரல் ஸ்லக் எல்லாம் சேர்த்து 260. ஐம்பது டாலர் லாபம்.

இப்போ ஆன்லைனில் வந்த பந்தில் ஸ்பேன் தப்பாக இருந்தால்? துளை போட்ட பந்தைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள், பொதுவா அதுதான் விதி. நீங்க உள்ளூர்க் கடைக்குத்தான் தூக்கிக்கொண்டு போகணும். பழைய துளையைப் பிசின் ஊற்றி அடைத்து, அது இறுகும் வரைக்கும் காத்திருந்து, மேல்பரப்பைச் சமமாக்கி, மறுபடியும் துளை போடணும். அதற்கு ஒரு 70 டாலர் என்று வைத்தால், உங்க லாபம் இருபது டாலர் நஷ்டமாக மாறிவிட்டது. புதுப் பந்தில் ஒட்டுப் போட்ட வட்டம் தெரிவது தனி வருத்தம்.

ஆக அந்த 50 டாலர் உண்மையில் ஒரு பந்தயம். உங்க எண்கள் சரி என்று எவ்வளவு உறுதியா தெரியுமோ, அவ்வளவுக்குத்தான் அது லாபம்.

எண் சரியாக இருந்தும் தப்பாவது எப்படி?

என் லீக் அணியில் ஒரு நண்பர் இருக்கிறார். அவர் ஒன்றும் அவசரக்காரர் இல்லை. ஏற்கெனவே ஒரு கடையில் டிரில் பண்ணிய பந்து இருந்தது, கைக்கு அருமையா பொருந்தியது. இரண்டாவது பந்தை ஆன்லைனில் வாங்கினார். பழைய கடையில் வாங்கிய அளவுத் தாளை அப்படியே ஃபார்மில் ஏற்றினார். பந்து வந்தது. கையில் போட்டதும் கொஞ்சம் இழுப்பாக இருந்தது. "புதுசு இல்ல, பழகிடும்" என்றார். மூணாவது வாரம் கட்டைவிரல் அடியில் வலி.

என்ன நடந்தது? ஃபிங்கர்டிப் பந்தில் நடுவிரல், மோதிரவிரல் துளைகளுக்குள் ரப்பர் இன்சர்ட் ஒட்டுவார்கள். இன்சர்ட்டுக்கு ஒரு கனம் உண்டு. ஸ்பேனை இரண்டு விதமாக அளக்கலாம். பந்தில் வெட்டிய துளையின் விளிம்பு வரைக்கும் அளப்பது ஒன்று. இன்சர்ட் ஒட்டிய பிறகு விரல் உண்மையில் தொடும் இடம் வரைக்கும் அளப்பது இன்னொன்று. பழைய கடை இரண்டாவது முறையில் எழுதியிருந்தது. ஆன்லைனில் டிரில் பண்ணியவர் அதை முதல் முறை என்று எடுத்துக்கொண்டார். அந்த இன்சர்ட்டின் கனம் அளவுக்கு ஸ்பேன் நீண்டுபோனது. தாளிலும் எண் சரி, மெஷினிலும் எண் சரி. இரண்டு பேருக்கும் அந்த எண்ணின் அர்த்தம்தான் வேறு.

இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு இது கேட்ட கதை. 1999-ல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாய்க்குப் போய்ச் சேரும் இடத்தில் தொலைந்துபோனது. ஒரு பக்கத்து மென்பொருள் பவுண்ட் அலகில் எண் கொடுத்தது, இன்னொரு பக்கம் அதை நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டது. எண்ணில் பிழை இல்லை. எண்ணோடு சேர்ந்து போகவேண்டிய அலகுதான் போகவில்லை.

பக்கவாட்டுப் பிட்சிலும் இதே சிக்கல். சில பேர் இடது, வலது என்று எழுதுவார்கள். சில பேர் உள்ளங்கைக்கு உள்ளே, வெளியே என்று எழுதுவார்கள். இடது கைக்காரருக்கு இது அப்படியே தலைகீழ். பந்தை நேரில் பார்ப்பவர் ஒரு நொடியில் கண்டுபிடிப்பார். ஃபார்மைப் பார்ப்பவருக்கு அது வெறும் எண்.

உள்ளூர்க் கடையில் நீங்கள் வாங்குவது எதை?

ப்ரோ ஷாப் பெரும்பாலும் பவுலிங் சென்டருக்குள்ளேயே இருக்கும். அதுதான் அதன் பெரிய பலம். டிரில் பண்ணி முடித்ததும் பந்தைக் கையில் கொடுத்து, "போய் நாலு பந்து போட்டுப் பாருங்க" என்று சொல்ல முடியும். நீங்க திரும்பி வந்து "இங்கே லேசா கடிக்குது" என்று சொன்னால், அவர் அந்த இடத்தை மட்டும் தேய்த்துக் கொடுப்பார். மறுபடியும் போடுவீங்க. மறுபடியும் வருவீங்க. இந்தப் போக்குவரத்துதான் ஃபிட்டிங். முதல் தடவையிலேயே சரியா வரும் என்று நல்ல டிரில்லர் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

கட்டைவிரலும் ஒரே அளவில் இருப்பதில்லை. விளையாட விளையாட வீங்கும். குளிர்காலத்தில் வெளியிலிருந்து உள்ளே வந்ததும் சுருங்கி இருக்கும். அதற்காகத் துளையைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டு, உள்ளே பவுலர்ஸ் டேப் ஒட்டி இறுக்கம் தளர்வைச் சரிசெய்யக் கற்றுக்கொடுப்பார்கள். வீங்கினால் ஒரு டேப்பை உரிங்க, சுருங்கினால் ஒன்று ஒட்டுங்க. இந்த ஐந்து நிமிடப் பாடம் கொரியர் பெட்டிக்குள் வராது.

ஆனால் ஒன்று. உள்ளூர்க் கடை என்பதால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. கையைச் சரியாகப் பார்க்காமல் பத்து நிமிடத்தில் துளை போட்டு அனுப்பும் கடைகளும் இருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் கூடுதல் பணம் கொடுப்பதில் எந்தப் பயனும் இல்லை. அதனால் பணம் கட்டும் முன்னால் நாலு விஷயம் கவனிங்க.

ஒன்று, கையை அளப்பதற்கு முன்னால் உங்களோடு பேசுகிறாரா? பழைய காயம் இருக்கா, வாரத்துக்கு எத்தனை கேம், என்ன வேலை பார்க்கிறீங்க என்று கேட்கிறாரா?

இரண்டு, விரல் வளைவைப் பார்க்கிறாரா? கட்டைவிரலைப் பின்னால் மெதுவாகத் தள்ளிப் பார்ப்பார். அளவெடுக்க வைத்திருக்கும் ஃபிட்டிங் பந்தில் கையைப் போடச் சொல்வார்.

மூன்று, நீங்க வீசுவதை ஒரு தடவையாவது பார்க்கிறாரா?

நான்கு, பிறகு சரிசெய்யக் கட்டணம் உண்டா என்று கேளுங்க. நல்ல கடைகள் சின்னச் சின்னத் திருத்தங்களை முதல் சில வாரங்களுக்கு டிரில்லிங் கட்டணத்துக்குள்ளேயே வைத்துக்கொள்வார்கள்.

ப்ரோ ஷாப்காரர்களுக்கு ஐ.பி.பி.எஸ்.ஐ.ஏ. என்று ஒரு சங்கம் இருக்கிறது. பயிற்சியும் சான்றிதழும் கொடுக்கிறார்கள். சுவரில் அது மாட்டியிருந்தால் நல்லது. ஆனால் அதைவிட, உங்க சென்டரில் நல்லா விளையாடும் இரண்டு மூணு பேரிடம் "யார்கிட்ட டிரில் பண்றீங்க?" என்று கேட்பது இன்னும் நல்லது.

பந்துக்குள் இருக்கும் இன்னொரு விஷயம்

துளை எங்கே போடுகிறோம் என்பதற்கு இன்னொரு பக்கமும் இருக்கு. அதுக்குப் பேர் லேஅவுட். ஹூக் ஆகும் பந்துகளுக்குள் ஒரு கோர் இருக்கும். மேல்பரப்பில் வேறு நிறத்தில் ஒரு சின்னப் புள்ளி தெரியும், அதையும் பின் என்றுதான் சொல்வார்கள். அது கோரின் தலை எந்தப் பக்கம் என்று காட்டும் அடையாளம். அந்தப் புள்ளிக்கும், நீங்க வீசும்போது பந்து சுழலும் அச்சின் முனைக்கும் எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்துப் பந்து எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு கூர்மையா திரும்பும் என்பது மாறும். மோ பினெல் என்ற பந்து வடிவமைப்பாளர் உருவாக்கிய டூயல் ஆங்கிள் முறை இதை மூணு எண்களில் எழுதிவிடும்.

அந்த அச்சு முனை ஆளுக்கு ஆள் வேறு. நீங்க வீசிய பிறகு பந்தில் ஒட்டியிருக்கும் எண்ணெய் வளையத்தை வைத்துத்தான் அதைக் கண்டுபிடிக்கணும். அதற்கும் நீங்க நேரில் வீசணும்.

ஆனால் இதை நினைத்துப் புதுசா ஆரம்பிப்பவர்கள் பயப்பட வேண்டாம். முதல் பந்து வாங்கும் காலத்தில் நம்ம வீச்சு வாரத்துக்கு வாரம் மாறும். அச்சு முனையும் கூடவே மாறும். அதனால் முதல் பந்துக்கு ஒரு சாதாரண லேஅவுட் போதும். கை பொருத்தம்தான் முக்கியம். யூடியூபில் லேஅவுட் வீடியோ பத்து மணி நேரம் பார்த்துவிட்டு, கட்டைவிரல் துளையை "ஏதோ மீடியம் சைஸ் போடுங்க" என்று சொல்வது தலைகீழ்.

எப்போது ஆன்லைன் சரி?

இப்போ மறுபக்கம். நான்கு சந்தர்ப்பங்களில் ஆன்லைன் டிரில்லிங் நியாயமான முடிவு என்று நினைக்கிறேன்.

முதலாவது, உங்க அளவு ஒரு வருஷமா மாறாமல், ஒன்றுக்கு மேற்பட்ட பந்தில் சரியா வந்திருக்கு. எண்கள் மட்டுமில்லை, எப்படி அளந்தது என்ற குறிப்பும் கையில் இருக்கு.

இரண்டாவது, நீங்க கட்டைவிரலே போடாமல் வீசுபவர். ஆஸ்திரேலியாவின் ஜேசன் பெல்மான்ட் மாதிரி இரண்டு கையால் வீசுபவர்கள் பல பேர் நடுவிரலும் மோதிரவிரலும் மட்டும்தான் போடுவார்கள். தொல்லை பிடித்த துளையே கிடையாது. இரண்டு விரலுக்கும் இன்சர்ட் சைஸ் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவின் பவுலிங் அமைப்பான யு.எஸ்.பி.சி., 2020 ஆகஸ்ட் 1 முதல் பேலன்ஸ் துளையைத் தடை செய்துவிட்டது. பந்தில் இருக்கும் ஒவ்வொரு துளையையும் ஒவ்வொரு வீச்சிலும் பிடிக்கப் பயன்படுத்தணும். நீங்க கட்டைவிரல் போடாதவர் என்றால், "சும்மா இருக்கட்டும்" என்று ஒரு கட்டைவிரல் துளையோடு ஆர்டர் பண்ணினால் அந்தப் பந்தை அங்கீகரிக்கப்பட்ட லீக்கில் போட முடியாது. ஃபார்மில் டிக் பண்ணும்போது இதைக் கவனிங்க. பழைய பந்தை செகண்ட் ஹேண்டில் வாங்கும்போதும் கூடுதல் துளை இருக்கா என்று பாருங்க.

மூன்றாவது, பக்கத்தில் கடையே இல்லை. மூணு மணி நேரம் ஓட்டிப் போகணும் என்றால் நடைமுறை வேறு. அப்படி இருந்தால்கூட ஒரே ஒரு தடவை அந்தப் பயணத்தைப் போய், முதல் பந்தையும் அளவுத் தாளையும் வாங்கிட்டு வாங்க. அதற்கப்புறம் கொரியர் பார்த்துக்கொள்ளும்.

நான்காவது, மாற்றக்கூடிய கட்டைவிரல் ஸ்லக் வைத்திருப்பவர். வைஸ், டர்போ மாதிரி நிறுவனங்கள் இதைச் செய்கின்றன. பந்தில் ஒரு வெளிக்கூடு ஒட்டியிருக்கும். உங்க கட்டைவிரலுக்கு வெட்டிய உள்பகுதியைக் கழற்றி இன்னொரு பந்தில் மாட்டலாம். கஷ்டமான, கண்ணால் பார்த்துச் செய்யவேண்டிய வேலையை உள்ளூர் டிரில்லர் அந்த உள்பகுதியில் ஒரு தடவை செய்து கொடுத்துவிட்டார். புதுப் பந்தில் வெளிக்கூட்டை மட்டும் சரியான ஸ்பேனிலும் பிட்சிலும் பதித்தால் போதும். கோட் எழுதுகிறவர்களுக்குச் சொல்லணும் என்றால், மாறாத இன்டர்ஃபேஸ் ஒன்று கிடைத்துவிட்டது. பின்னால் இருப்பதை யார் எழுதினாலும் பரவாயில்லை.

வளரும் பிள்ளைகளுக்கு மட்டும் இந்த நாலும் பொருந்தாது. அவர்கள் கை மாறிக்கொண்டே இருக்கும். கடையில்தான் டிரில் பண்ணணும், அடிக்கடி அளந்தும் பார்க்கணும்.

நடுவழி

துளை போடாத பந்தை ஆன்லைனில் குறைந்த விலைக்கு வாங்கி, உள்ளூர்க் கடையில் டிரில் பண்ணுவது இன்னொரு வழி. தாராளமா பண்ணலாம். ஆனால் வாங்கும் முன்னால் கடைக்கு ஒரு போன் போடுங்க. வெளியிலிருந்து கொண்டுவரும் பந்துக்குச் சில கடைகள் கூடுதலா வாங்குவார்கள். அது கோபத்தில் போடும் விலை இல்லை. பந்து விற்பதில் வரும் லாபத்தில்தான் அந்த ஃபிட்டிங் நேரத்தையும் பிறகு வரும் இலவசத் திருத்தங்களையும் அவர் கொடுக்கிறார். பந்தை வேறிடத்தில் வாங்கினால் அந்த நேரத்துக்குத் தனியா பணம் கேட்பது நியாயம்தானே. விலையை வெளிப்படையா கேளுங்க, கூட்டிப் பாருங்க. சில நேரம் வித்தியாசம் ஐந்து பத்து டாலருக்குள் வந்து நிற்கும்.

அந்தக் கடை இருப்பதே நமக்குத்தான் தேவை. பந்து எண்ணெய் குடித்துப் பிடிப்பு போனால் மேல்பரப்பைத் தேய்த்துத் தர, இன்சர்ட் கிழிந்தால் மாற்ற, லீக் ஆரம்பிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது இறுகிப்போன கட்டைவிரல் துளையைத் தேய்த்துக் கொடுக்க ஒரு ஆள் வேணும். எல்லாரும் பந்தை ஆன்லைனில் வாங்கிட்டு, பழுது பார்க்க மட்டும் அவரிடம் போனால், ஒரு நாள் ஷட்டர் இறங்கியிருக்கும்.

அளவுத் தாள் உங்களுடையது

கடைசியா ஒரே ஒரு வேலை சொல்றேன். எங்கே டிரில் பண்ணினாலும், உங்க அளவுத் தாளை எழுத்தில் கேட்டு வாங்குங்க. கொடுக்கத் தயங்கும் கடைக்காரர்கள் உண்டு. மரியாதையா கேளுங்க, "ஊர் மாறினா தேவைப்படும் சார்" என்று சொல்லுங்க. விசா, வேலை, வாடகை என்று ஊர் மாறிக்கொண்டே இருக்கும் நமக்கு அது வெறும் சாக்கு இல்லை, உண்மை.

தாளில் இவை இருக்கணும். வலது கையா, இடது கையா. இரண்டு ஸ்பேன்கள், அவை இன்சர்ட்டோடு அளந்ததா இன்சர்ட் இல்லாமல் அளந்ததா. மூணு துளைக்கும் பிட்ச், முன்பின் சாய்வு தனி, பக்கவாட்டுச் சாய்வு தனி, பக்கவாட்டை எந்த முறையில் எழுதியது என்ற குறிப்போடு. இன்சர்ட்டின் பிராண்டும் சைசும். கட்டைவிரல் துளையின் சைஸ், நீள்வட்டமாக வெட்டியதென்றால் அதன் அளவு. தெரிந்தால் அச்சு முனையின் அளவு. எடுத்த தேதி.

அதை போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. வருஷத்துக்கு ஒரு தடவை திரும்ப அளந்து பாருங்க. எடை கூடினால் குறைந்தால் விரலும் மாறும், வயசானால் விரல் வளைவும் குறையும்.

ஆக, "ஆன்லைனா, கடையா?" என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: உங்க கையைப் பற்றி இப்போ யாருக்குத் தெரியும்? யாருக்கும் தெரியாது என்றால் கடைக்குப் போங்க. ஒரு நல்ல டிரில்லருக்குத் தெரியும், அவர் எழுதிக் கொடுத்த தாள் உங்களிடம் இருக்கு என்றால், பிடிச்ச இடத்தில் ஆர்டர் பண்ணுங்க.

அடுத்த எபிசோடில் பிளாஸ்டிக் ஸ்பேர் பந்து ஒன்று தனியா தேவையா என்று பேசலாம். உங்க டிரில்லிங் அனுபவம், நல்லதோ கெட்டதோ, எழுதி அனுப்புங்க. கை பத்திரம். மறுபடியும் சந்திப்போம்.